வாசற்படியற்ற விடுதி

1925-ஆம் வருஷத்து வசந்த காலத்தில், அமெரிக்காவின் தென்மாகாணங்களுள் ஒன்றாகிய ஜார்ஜியாவில், வாம் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரின் நிலையத்தில் வந்து நின்ற ரயிலிலிருந்து, மற்றப் பிரயாணிகளெல்லாம் தத்தம் பெட்டிகளின் படிவழியே இறங்கிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் மூட்டை முடிச்சுகளை ஏற்றிவரும் சாமான் வண்டியிலிருந்து இறக்கப்பட்டார். பிரெட் பாட்ஸ் என்பது அவர் பெயர், பென்ஸில்வேனியாவிலிருந்து வந்தவர், இசை நாடகத்தில் பாட வேண்டுமென்று ஆசைப்பட்ட வாலிபர். இளம்பிள்ளை வாதம் அவருடைய கால்களை முடக்கி, வருஷக்கணக்கில் வீட்டோடு கிடத்திவிட்டது. அவரைச் சாமான்களோடு சேர்த்து அனுப்பியதற்கு வீட்டாரின் அன்புக் குறைவு காரணமன்று. அக்காலத்து ரயில்பெட்டிகளின் படிகள் செங்குத்தானவை. உள்ளே ஆள் நடக்கும் வழியோ ஒருவர் எதிர்ப்பட்டால் மற்றொருவர் ஒதுங்கி நிற்கவேண்டிய அளவே உடையது. மரத்தாலும் பிரம்பாலும் செய்யப்பட்ட அந்நாளைய சக்கர நாற்காலியோ அகன்று கனத்தது. நாற்காலியோடு ஒரு மனிதர் நுழையக்கூடிய கதவு அந்த வண்டித் தொடரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பெட்டிகளையும் பீப்பாய்களையும் ஏற்றுவதற்காக அகலமாகச் செய்யப்பட்ட கதவு.

ரயிலின் சங்கடம் இறங்கியவுடன் தீர்ந்துவிடும். விடுதியின் சங்கடம் அப்படியன்று. நூறு வருஷங்களுக்கு முன்னே கட்டப்பட்ட பெரிய ஹோட்டல்களின் பெருமையே அவற்றின் படிக்கட்டுகளில்தான் இருந்தது. தெருவிலிருந்து பத்துப் படி ஏறித்தான் முன்மண்டபத்தை அடைய வேண்டும். அங்கிருந்து ஒரு மாடிப்படி விசாலமாக வளைந்து மேலே செல்லும். உயர்ந்தோர் வருகை என்பதை உயரத்தால் காட்டுவது கட்டடக்காரர்களின் சம்பிரதாயம். இவையெல்லாம் நடக்கிறவரின் கண்ணுக்கு அலங்காரம். நடக்க இயலாதவருக்கோ மதில். எப்படியோ நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய் அறையில் விட்டாலும், குளியலறைக் கதவின் குறுகல் கடைசிக் காவலாக நின்று வழி மறிக்கும். ஆகவே, கால் வழங்காதவர்களிற் செல்வர்கள் ஆட்களை வைத்துத் தங்களைத் தூக்கச் செய்தார்கள். மற்றவர்கள் பிரயாணம் என்பதையே மறந்தார்கள்.

இத்தகைய காலத்தில், சக்கர நாற்காலியில் வருபவரை முன்வாசல் வழியாகவே வரவேற்கும் ஒரு விடுதி எவ்வாறு தோன்றிற்று என்பதும், அதன் நற்பண்பு ஏன் நெடுங்காலம் அதன் வேலிக்குள்ளேயே அடைந்து கிடந்தது என்பதும் விசாரிக்கத் தக்கவை.

அட்லாண்டா நகருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய எழுபது மைல் தொலைவில், பைன் மலையின் சரிவில் அந்த ஊற்று இருக்கிறது. மலைமேற் பெய்யும் மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே பூமியின் ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள உஷ்ணத்தை ஏற்றுக்கொண்டு, மறுபடியும் மேலே பொங்கி வருகிறது. மழையிலும் வெயிலிலும், குளிரிலும் கோடையிலும், அதன் சூடு 88 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. கிரீக் இனத்துப் பூர்வ குடிகள் அந்நீரில் காயங்களை ஆற்றிக்கொண்டார்கள் என்பது செவிவழிச் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில், வெள்ளைத் தோட்ட முதலாளிகளும் நகரத்து வியாபாரிகளும் கோடைக்காலத்தில் அங்கே குடும்பத்தோடு வந்து தங்குவது வழக்கமாயிற்று. அந்நூற்றாண்டின் கடைசிப் பத்து வருஷங்களில் மெரிவெதர் இன் என்ற பெரிய மரக்கட்டட விடுதி எழுந்தது. கோபுரங்களும், நாற்புறமும் தாழ்வாரங்களும், நடன சாலையும், சுற்றிலும் சிறு குடில்களும் அதற்கு இருந்தன. மோட்டார் வண்டி பெருகிய பிறகு ஜனங்கள் கடற்கரைகளை நாடிப் போனார்கள். விடுதி வர்ணம் உதிர்ந்து, பலகை இற்று, ஸ்திதி கெட்டு நின்றது. அதன் சொந்தக்காரர் ஜார்ஜ் பாஸ்டர் பீபாடி என்ற தனவந்தர்; நடத்தி வந்தவர் டாம் லாயலெஸ் என்ற பழைய பத்திரிகாசிரியர்.

முடங்கிய கால்களோடு வந்த ஓர் இளைஞர் சில கோடைகள் அந்த ஊற்றுக் குளத்தில் நீந்திய பின் கைத்தடியூன்றி நடந்தார் என்ற செய்தியைப் பீபாடி தம் நண்பர் ஒருவருக்கு எழுதினார். அந்த நண்பர்தாம் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1920-இல் உபஜனாதிபதி ஸ்தானத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றவர். மறுவருஷம் ஆகஸ்ட் மாதம், தமது முப்பத்தொன்பதாம் வயதில், இளம்பிள்ளை வாதத்தினால் இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தவர். 1924 அக்டோபரில் அவர் மனைவி எலினாருடன் அங்கே வந்து ஒரு குடிலில் தங்கினார். சுவர்ப் பலகைகளின் இடுக்கு வழியே வெளிச்சம் தெரிந்தது என்று எலினார் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். குடிலின் தரித்திரம் அவர் கணவரைப் பாதிக்கவில்லை. குளத்து நீரில் இறங்கியபோது அது அவரைத் தாங்கி நிறுத்தியது. தரையில் நிற்க முடியாத கால்கள் தண்ணீருக்குள் நின்றன. மூன்று வருஷமாக மரத்துக் கிடந்த கால் விரல்களில் உணர்ச்சி தோன்றியதாக அவர் மகிழ்ந்தார். வெந்நீரில் தசைகள் சீக்கிரம் களைக்காமல் நீண்ட நேரம் பயிற்சி செய்ய முடியும் என்பதற்குமேல் அந்த ஊற்றில் அற்புதம் ஒன்றுமில்லை என்பதை வைத்தியர்கள் பின்னர்ச் சொன்னார்கள். ரூஸ்வெல்ட்டும் கடைசிவரையில் துணையின்றி நடந்தாரில்லை. ஆனால் 1925 வசந்தத்தில் சாமான் வண்டியில் வந்து இறங்கியவர்கள் எதை நம்பி வந்தார்களோ, அந்த நம்பிக்கைக்கு ஒரு பத்திரிகைக் கட்டுரை காரணமாயிற்று. அட்லாண்டா ஜர்னல் நிருபர் ஒருவர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்து எழுதியதைப் பல ஊர்ப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. நாடெங்கும் வீட்டு மூலைகளில் கிடந்தவர்கள் படித்தார்கள். கடிதம் எழுதியும் எழுதாமலும் புறப்பட்டு வந்தார்கள்.

லாயலெஸ்ஸின் நிலையை நினைத்தால் இரக்கம் வருகிறது. அவரிடம் வைத்தியர் இல்லை, தாதி இல்லை, நாற்காலி ஏறும் சாய்தளம் இல்லை. பழுது பார்க்கக் காசும் இல்லை. முதலில் வந்தவர்களை ஊருக்குள் எங்கோ இரவு தங்கவைத்து, அவசரம் அவசரமாகக் குடில்களைச் செப்பனிட்டார். அந்த வருஷத்தில் திரும்பி வந்த ரூஸ்வெல்ட், தாமே ஒரு வைத்தியரைப்போலக் குளத்தில் இறங்கி, தம் உடம்பில் கண்டறிந்த பயிற்சிகளைப் பிறருக்குக் கற்பித்தார். இந்த 'டாக்டர் ரூஸ்வெல்ட்' பட்டம் எந்தச் சர்வகலாசாலையும் கொடுக்காதது. அவருக்கோ மிகவும் பிடித்தது.

அதற்குள் விடுதியின் மற்ற விருந்தினர்களிடமிருந்து முறையீடு எழுந்தது. கோடையைக் கழிக்க வந்த ஆரோக்கிய தேகிகளான கனவான்களும் சீமாட்டிகளும், சூம்பிய கால்களை உடையவர்கள் தங்களோடு ஒரே சாப்பாட்டு மண்டபத்தில் உட்காருவதையும் ஒரே குளத்தில் இறங்குவதையும் சகிக்கவில்லை. நோய் தொற்றிவிடும் என்பது அவர்கள் வாயாற் சொன்ன காரணம். வியாதி கண்டு வருஷங்கள் கழிந்தவரிடமிருந்து அது தொற்றாது என்று சமாதானம் சொல்லப்பட்டது, சொல்லிப் பயனில்லை. சொன்ன காரணம் மெய்யான காரணமாக இருந்தாலல்லவா சமாதானம் அதைத் தீர்க்கும்? காசு கொடுத்து இன்பம் தேடி வந்த இடத்தில், நாளை நமக்கும் நேரலாம் என்று நினைப்பூட்டும் உருவங்களை எதிரே வைத்துக்கொண்டு உண்ண அவர்களுக்கு மனமில்லை. நோயாளிகளுக்குத் தனியே சாப்பாட்டு இடமும் தனியே குளமும் ஏற்பாடாயின. விடுதி ஒன்றாகவே இருந்தது, பந்தி இரண்டாயிற்று. பந்தி பிரித்த சரித்திரம் உள்ள தேசத்திலிருந்து இதைப் படிக்கிற நமக்கு அதன் கசப்பை விளக்க வேண்டியதில்லை.

1926 வசந்தத்தில், லாயலெஸ் காலஞ்சென்ற சில வாரங்களுக்குள், ரூஸ்வெல்ட் அந்த ஸ்தலம் முழுவதையும், ஊற்று, விடுதி, குடில்கள், ஏறக்குறைய 1,200 ஏக்கர் நிலம் ஆகிய எல்லாவற்றையும், 2,00,000 டாலருக்குச் சற்றேறக்குறைய ஒரு விலைக்கு வாங்கினார். அது அவருடைய சொந்த ஆஸ்தியில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமானம் என்று சொல்லப்படுகிறது. வக்கீல் தொழிலில் கூட்டாளியாக இருந்த பேசில் ஓகானர் எதிர்த்தார். ஐந்து குழந்தைகளின் படிப்புக்கு என்ன செய்வதென்று எலினார் கவலைப்பட்டார். இதில் ரூஸ்வெல்ட்டை ஒரு ரிஷியாகச் சித்திரிப்பது நியாயமாகாது. ஒரு பக்கம் நோயாளிகளுக்குச் சிகிச்சையும், மறுபக்கம் பணக்காரர்களுக்குக் கோல்ப் மைதானமும் வேட்டையும் கொண்ட லாபகரமான சுகவாச ஸ்தலத்தை நடத்தலாம் என்றே அவர் முதலில் கணக்குப் போட்டார். கணக்குப் பலிக்கவில்லை, பணக்காரர்கள் வரவில்லை, நோயாளிகள் வந்துகொண்டேயிருந்தார்கள். 1927-இல் அது லாப நோக்கமற்ற அறக்கட்டளையாயிற்று. அடுத்த வருஷம் எட்ஸல் போர்டு தம்பதிகள் கண்ணாடிக் கூரையிட்ட குளத்துக்குப் பொருள் உதவினார்கள். கனவான்களின் முறையீடு அதோடு தானே ஓய்ந்தது. முறையிட அவர்கள் அங்கே இல்லை.

இதன் பிறகு அந்த இடம் மாறிய விதம்தான் எனக்கு மிகவும் ரசமாகத் தோன்றுகிறது. அதுவரை எங்கும் கட்டடத்துக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டியவராயிருந்த விருந்தினர், இங்கே கட்டடம் தமக்கேற்ப மாறுவதைக் கண்டார். மெரிவெதர் விடுதியின் இடத்தில் 1933 நவம்பரில் ஜார்ஜியா ஹால் திறக்கப்பட்டது. அம்மாகாணத்து ஜனங்கள், பொருளாதார மந்தம் வாட்டிய காலத்தில், சிறுகச் சிறுகக் கொடுத்த 1,00,000 டாலரால் எழுந்த மண்டபம் அது. ஹென்றி டூம்ப்ஸ் என்ற கட்டடச் சிற்பி வரைந்த திட்டத்தின் அழகு யாதெனில், வெண்ணிறத் தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தக் கட்டடத்தைத் தூரத்திலிருந்து காண்பவர் எவரும் அதை ஆஸ்பத்திரி என்றோ, முடவர் இல்லம் என்றோ சொல்லமாட்டார். ஒரு பழைய கலாசாலை என்றே எண்ணுவார். அருகே சென்றால்தான், தரை ஓரிடத்திலும் படியாக முறியாமல் மெல்ல மெல்ல உயர்ந்து வாயிலோடு கலப்பதும், கதவுகள் அகன்றிருப்பதும், ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்கு மழையிலும் நனையாமல் நாற்காலியிற் செல்லத் தூண்வரிசைத் தாழ்வாரங்கள் நாற்புறமும் சூழ்ந்திருப்பதும் புலனாகும். சாய்தளத்தைப் பின்பக்கத்தில் குப்பைத்தொட்டி அருகே ஒளித்துவைக்கும் வழக்கம் இன்றுகூட நம்மை விட்டுப் போகவில்லை. டூம்ப்ஸோ அதையே முன்வாசலாக்கினார்.

அந்த மண்டபத்தின் மையம் அதன் சாப்பாட்டுக்கூடம். மாலையானால் நோயாளிகள் நல்ல உடை உடுத்திக்கொண்டு வரவேண்டுமென்பது அங்கே எழுதாத விதி. வெள்ளை விரிப்பிட்ட மேஜைகள். பரிமாறச் சீருடை அணிந்த பணியாளர்கள். மேஜைகளுக்கிடையே நாற்காலிகள் தாராளமாகத் திரும்புவதற்கு இடம். உட்கார முடியாமல் படுத்தே இருக்க வேண்டியவர்களைச் சக்கரக் கட்டிலோடு சினிமாக் காட்சிக்கு உருட்டிக்கொண்டு வந்தார்கள். நாற்காலிகளைத் தள்ளுவதற்கும், தூக்க வேண்டிய இடத்தில் தூக்குவதற்கும், 'புஷ் பாய்' என்று எல்லாரும் அழைத்த அவ்வூர் வாலிபர்கள் இருந்தார்கள். பயிற்சி கற்பித்த பெண்களுக்குப் 'பிஸியோ' என்று பெயர். சீட்டாட்டமும், நாடகமும், காதலும், கல்யாணமும், காவலாளிக்குத் தெரியாமல் இரவில் குளத்தில் இறங்கும் குறும்பும் அங்கே இல்லாமற் போகவில்லை. சிகிச்சையால் கால் எத்தனை பலம் பெற்றது என்பதைவிட, நாலு பேர் நடுவே வெட்கமில்லாமல் உண்ணவும் பேசவும் கற்றதே பெரிது என்று அங்கிருந்து திரும்பியவர்களிற் பலர் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் அவர்கள் ஒவ்வொருவரும் தனித்த விதிவிலக்கு. இங்கே அவர்களே பெரும்பான்மை. உபசாரத்தின் இரகசியம் இதுதான் என்று நான் கருதுகிறேன்: விருந்தளிப்பவரும் அதே நாற்காலியில் அமர்ந்திருந்தார். கதவின் அகலத்தை அளப்பதற்கு அவருக்கு அளவுகோல் வேண்டியிருக்கவில்லை.

அந்த நாற்காலியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடையில் விற்ற பிரம்பு நாற்காலிகளின் பருமனும், நோயாளி என்று பறைசாற்றும் தோற்றமும் ரூஸ்வெல்ட்டுக்குப் பிடிக்கவில்லை. சமையலறையில் கிடக்கும் சாதாரண மர நாற்காலி ஒன்றை எடுத்து, கால்களுக்குப் பதில் சக்கரங்களைப் பொருத்தச் செய்தார். கைப்பிடி இல்லாத அது குறுகிய கதவுகளிலும் நுழைந்தது. அதிலிருந்து சோபாவுக்கு மாறுவதும் எளிது. அவ்வூர்ப் பட்டறையில் ஒரு பழைய போர்டு காருக்குக் கையாலேயே ஓட்டும் விசைகளை அமைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துக் குடியானவர்களின் வீட்டு வாசல்களில் காரை நிறுத்தி, இறங்காமலே பேசிவிட்டுப் போவார்.

வாம் ஸ்பிரிங்ஸைப் புகழ்கிறவர்கள் ஒரு செய்தியை மெதுவாகக் கடந்துபோவார்கள். அங்கே நோயாளியாக ஏற்கப்பட்டவர்கள் வெள்ளையர் மட்டுமே. அந்தச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறியவர்களும், சமைத்தவர்களும், துணி வெளுத்தவர்களும் கறுப்பர்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைக்கு அதே வியாதி வந்தால் அதே குளத்தில் இடமில்லை. ஒரு பந்தி வேற்றுமையைப் போக்குவதற்காகத் தம் செல்வத்தைக் கொட்டிய மனிதர், மற்றொரு பந்தி வேற்றுமையை அந்த மாகாணத்து வழக்கம் என்று விட்டுவிட்டார். எதிர்ப்பு வலுத்தபின், கறுப்பினத்தவருக்கென்று அலபாமாவிலுள்ள டஸ்கீகி கல்வி ஸ்தாபனத்தில் தனிச் சிகிச்சை நிலையம் ஒன்று 1941-இல் திறக்கப்பட்டது. வரவேற்கும் வாசல் என்று சொன்னால், யாரை வரவேற்கும் வாசல் என்று கேட்காமல் விடுவதற்கில்லை.

இரண்டாவது குறை வேறு வகையானது. வாம் ஸ்பிரிங்ஸ் வேலிக்குள் ரூஸ்வெல்ட் சூம்பிய கால்களை மறைக்காமல் குளத்தில் இறங்கினார், நாற்காலியில் உலாவினார். வேலிக்கு வெளியே, நியூயார்க் கவர்னராகவும், 1933 முதல் ஜனாதிபதியாகவும் இருந்த காலமெல்லாம், இரும்புப் பட்டைகளால் கால்களைப் பிணைத்து, மகனுடைய அல்லது மெய்க்காவலரின் புஜத்தைப் பற்றி நின்று, நடப்பதுபோன்ற ஒரு தோற்றத்தை உண்டாக்கினார். புகைப்படக்காரர்கள் நாற்காலியைப் படம் பிடிக்காமலிருப்பது எழுதப்படாத ஒப்பந்தமாயிற்று. வோட்டர்கள் முடவர் ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கமாட்டார்கள் என்று அவர் அஞ்சியதில் தவறு காண இயலாது. ஆயினும் அதன் பலன் விபரீதமாயிற்று. உலகத்திலேயே பலம் பொருந்திய மனிதர் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அந்தப் பன்னிரண்டு வருஷங்களில், அவர் ஆட்சி கட்டிய தபாலாபீஸ்களும் நீதிஸ்தலங்களும் படிக்கட்டுகளோடுதான் எழுந்தன. 1938-இல் ஹைட் பார்க்கில் தமக்கென்று ஓர் ஓய்வுக் குடிலுக்கு அவரே திட்டம் கொடுத்து, டூம்ப்ஸைக் கொண்டு கட்டுவித்தபோது, நிலைப்படி இல்லாத வாயில்களும், உட்கார்ந்தபடியே வெளியே காணத் தாழ்ந்த ஜன்னல்களும், மண்மேடு போல இயற்கையாகத் தோன்றும் சாய்தளமும் அமைத்துக்கொண்டார். தமக்கு வேண்டியது இன்னதென்று அவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தவர், அதை ஊருக்கு விதியாக்கவில்லை.

1945 ஏப்ரல் 12-ஆம் தேதி அவர் வாம் ஸ்பிரிங்ஸில் காலமானார். பத்து வருஷங்கள் கழித்து, அதே தேதியில், இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்கும் ஸால்க்கின் தடுப்பூசி பலிதமாயிற்று என்ற அறிவிப்பு வெளியாயிற்று. அந்த ஊசிக்கான ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டியது, ஒரு காலத்தில் அந்த இற்றுப்போன விடுதியை வாங்காதே என்று தடுத்த பேசில் ஓகானர் தலைமையேற்ற ஸ்தாபனம்.

சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்களின் கதைக்கு வருவோம். சில மாதங்கள் படியென்பதையே காணாமல் வாழ்ந்துவிட்டு, பழைய தெருவுக்கும் பழைய மாடிப்படிக்கும் திரும்புவது அவர்களுக்குப் பெருத்த ஏமாற்றமாயிருந்தது. அவர்களுக்கு உதவியாக வந்தவை மூன்று. மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் வந்தவை. முதலாவது, கையால் ஓட்டும் மோட்டார். இரண்டாவது, சுரங்க விபத்தொன்றில் நடையிழந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற இஞ்சினீயரும், அவர் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் 1930-களின் ஆரம்பத்தில் எஃகுக் குழாய்களால் செய்த மடக்கு நாற்காலி. அது காருக்குள் அடங்கியது. மூன்றாவதுதான் விசித்திரம். நோயாளிகள் வாம் ஸ்பிரிங்ஸில் வந்து குவிந்த அதே 1925-இல், டிசம்பர் மாதத்தில், கலிபோர்னியாவிலுள்ள ஸான் லூயிஸ் ஒபிஸ்போவில் ஆர்தர் ஹைன்மன் என்பவர் மோட்டார்ப் பிரயாணிகளுக்கென்று ஒரு விடுதி திறந்து, அதற்கு 'மோட்டெல்' என்று பெயரிட்டார். காரை அறைவாசலிலேயே நிறுத்தலாம், முன்மண்டபம் இல்லை, மாடி இல்லை. நடக்க இயலாதவரை எண்ணி அதை எவரும் கட்டவில்லை. நிலம் மலிவு, படிக்கட்டுச் செலவு மிச்சம் என்ற எண்ணமே காரணம். ஆயினும், பெரிய ஹோட்டல்களின் பளிங்குப் படிகள் பல வருஷம் மறுத்ததை இந்தச் சிக்கன விடுதி தன்னையறியாமலே கொடுத்தது. உள்ளே மட்டும் பழைய பகை போகவில்லை. குளியலறைக் கதவு குறுகலாகவே இருந்தது. அதைக் கீலிலிருந்து கழற்றி ஓரமாகச் சாத்திவிட்டு உள்ளே போன பிரயாணிகள் உண்டு.

இரக்கத்தால் ஆகாததை அளவு செய்தது. யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1948-இல் இல்லினாய் சர்வகலாசாலையில் டிமதி நியூஜெண்ட் ஒரு கல்வித் திட்டம் தொடங்கினார். சக்கர நாற்காலி எத்தனை சரிவை ஏறும், திரும்புவதற்கு எத்தனை இடம் வேண்டும், கை எவ்வளவு உயரம் எட்டும் என்று மாணவர்களைக் கொண்டே அவர் சோதித்தறிந்தார். அந்த ஆராய்ச்சியின் பயனாக 1961-இல் வெளிவந்த அமெரிக்க நிர்ணயம் ஒரு சிறு பிரசுரம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாவது சாய்தளம் வேண்டும், கதவு திறந்தால் 32 அங்குல வழி இருக்க வேண்டும் என்பன போன்ற கணக்குகள்தாம் அதில் உள்ளவை. அன்பை வியாக்கியானம் செய்யும் எத்தனையோ கிரந்தங்களைவிட இந்த உலர்ந்த எண்கள் அதிகம் பேரை வாசலுக்குள் சேர்த்திருக்கின்றன. ஆனால் அதை அனுசரிப்பதும் விடுவதும் கட்டுகிறவர் இஷ்டமாயிருந்தது.

இஷ்டத்தைக் கடமையாக்கும் வேலையைத் தொடங்கியவர் ஒரு வாம் ஸ்பிரிங்ஸ் மாணாக்கரே. ஹ்யூ காலகர் 1952-இல், கலாசாலை மாணவராயிருந்தபோது, இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டு, அங்கே சிகிச்சை பெற்றவர். பிறகு ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு, அலாஸ்காவின் செனட்டர் பார்ட்லெட்டின் காரியாலயத்தில் உத்தியோகம் ஏற்றார். தலைநகரின் பொதுக் கட்டடங்களுள் எத்தனையோ இடங்களில் தம் நாற்காலி நுழையாததைக் கண்டு, பார்ட்லெட்டைக் கொண்டு அவர் கொண்டுவரச் செய்த மசோதா 1968-இல் சட்டமாயிற்று. மத்திய சர்க்கார் பணத்தால் கட்டப்படும் கட்டடம் எதுவும் இனி நடக்க இயலாதவரை வெளியே நிறுத்தக் கூடாதென்பது அதன் சாரம். ரூஸ்வெல்ட் தமக்கு மட்டும் அமைத்துக்கொண்டதை, அவர் ஸ்தாபித்த இடத்தில் வளர்ந்தவர் நாட்டுக்கு விதியாக்கினார். அதே காலகர், ரூஸ்வெல்ட் தம் ஊனத்தை மறைத்த வரலாற்றை 1985-இல் ஒரு புத்தகமாக எழுதினார் என்பதும் தற்செயலன்று.

ஆயினும் 1968-ஆம் வருஷத்துச் சட்டம் தனியார் ஹோட்டலைத் தொடவில்லை. அதற்கு இன்னும் இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. இடையில் ஊர்வலங்களும், காரியாலயங்களில் வாரக்கணக்கில் குந்தியிருந்த சத்தியாக்கிரகங்களும் நடந்தன. 1990 ஜூலை 26-ஆம் தேதி கையெழுத்தான சட்டம்தான், பணம் வாங்கிக்கொண்டு பொதுஜனங்களுக்கு இடம் கொடுக்கும் விடுதி எதுவும் நடக்க இயலாதவர்களுக்கு இடம் மறுக்கலாகாது என்றது. புதிதாகக் கட்டும் விடுதியில் அறைகள் 25-க்குள் இருந்தால் அவர்களுக்கேற்ற அறை ஒன்றாவது வேண்டும், 50-க்குள் இருந்தால் இரண்டு வேண்டும் என்று விதிகள் கணக்கு வகுத்தன.

கணக்கு வகுத்த பிறகும் ஒரு சூது எஞ்சியிருந்தது. வசதியுள்ள அறை இருப்பதாகச் சொல்லி முன்பதிவு வாங்கிக்கொள்வார்கள். இரவில் களைத்து வந்து சேரும்போது, அந்த அறை வேறொருவருக்குப் போய்விட்டிருக்கும். அல்லது 'வசதி' என்று அவர்கள் சொன்னது கழிப்பிடத்தின் அருகே ஒரு கைப்பிடிக் கம்பி மட்டுமே என்பது அப்போதுதான் தெரியும். 2012-இல் அமலுக்கு வந்த விதி இதைக் குறி வைத்தது. நாற்காலிக்காரர் தமக்கு அந்த அறை ஒத்துவருமா என்று வீட்டிலிருந்தே தீர்மானிக்கும் அளவுக்கு விவரம் சொல்ல வேண்டும். அதே வகையைச் சேர்ந்த மற்ற அறைகளெல்லாம் நிரம்பும்வரை அந்த அறையைப் பிறருக்குக் கொடாமல் காத்து வைக்க வேண்டும். ஒருவர் பேரில் பதிவானால் அதே அறையை அவருக்கே ஒதுக்கவும் வேண்டும். ஒன்று மட்டும் இன்றும் சட்டத்துக்குப் புறம்பாக நிற்கிறது: ஐந்து அறைகளுக்கு மேற்படாமல் வாடகைக்கு விட்டு, உரிமையாளர் தாமும் அதிலேயே குடியிருக்கும் விடுதிவீடு. அங்கே வாசற்படி இருப்பதும் இல்லாமற்போவதும் 1925-இல் இருந்ததுபோலவே வீட்டுக்காரரின் சித்தம்.